ஆர்.வி. வண்டியின் 12 வோல்ட் விளக்குகளில் டிம்மர் கோளாறு: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில், அது பிக்கப் வண்டி இழுத்துச் செல்லும் டிரெய்லராயினும் தானே ஓடும் மோட்டார்ஹோமாயினும், உள் விளக்குகள் 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில்தான் (டி.சி.) எரிகின்றன. முகாம் மைதானத்தின் 120 வோல்ட் இணைப்பில் வண்டி செருகப்பட்டிருக்கும்போது கன்வெர்ட்டர் அந்த மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருகிறது. இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரி தருகிறது. இந்த விளக்குகளுக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருத்தியவர்கள் சொல்லும் குறைகள் பலவகைப்பட்டவை. ஆனால் டிம்மரே பழுதாகிப்போன நிலை அவற்றுள் குறைவு என்பதே என் மதிப்பீடு. டிம்மர் பாசிட்டிவ் கம்பியைத் துண்டிக்கிறதா நெகட்டிவ் கம்பியைத் துண்டிக்கிறதா, பல்புக்குள் இருக்கும் மின்சுற்று எந்த வகையைச் சேர்ந்தது, விளக்கு வரை வந்து சேரும் வோல்டேஜ் உண்மையில் எவ்வளவு ஆகிய மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றுக்கு விடை தெரியாமல் பொருத்தியதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. ஆகவே இரண்டாவது டிம்மர் ஒன்றை வாங்குவதற்கு முன் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பார்ப்பது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

கைவைக்கும் முன்

12 வோல்ட் மின்சாரம் உடலைத் தாக்காது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரி ஒன்று குறுக்குச்சுற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். மெல்லிய விளக்குக் கம்பி சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து சுவர்ப்பலகையைக் கருக்கிவிடும். எனவே 120 வோல்ட் இணைப்பைக் கழற்றி, விளக்குச் சுற்றின் ஃபியூஸையும் உருவிய பிறகே கம்பிகளைத் தொட வேண்டும். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். 120 வோல்ட் சுற்றில் கறுப்பு நிறம் மின்னேற்றமுள்ள கம்பியைக் குறிக்கிறது. பல டிரெய்லர்களில் 12 வோல்ட் பாசிட்டிவ் கம்பியும் கறுப்பாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே சுவருக்குள் ஓடலாம். மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே எதையும் வெட்ட வேண்டும்.

மல்டிமீட்டரோடு இன்னும் இரண்டு பொருள்கள் தேவை. முதலாவது, இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு துண்டுக் கம்பி. இரண்டாவது, பழைய இழை பல்பு ஒன்று. ஆர்.வி. விளக்குகளில் முன்பு பரவலாக இருந்த 1141 எண் கொண்ட பல்பு ஏறத்தாழ 1.44 ஆம்பியர் இழுக்கும். அதற்குள் மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. டிம்மரோடு இழை பல்பு ஒழுங்காக மங்கி ஒளிர்ந்து, எல்.இ.டி. மட்டும் தடுமாறினால் குற்றம் எல்.இ.டி.யின் பக்கம் இருக்கிறது. இழை பல்பும் தடுமாறினால் டிம்மரையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி ஊகங்களை வெட்டி எறிந்துவிடும்.

மற்றொரு பொதுச் சோதனை டிம்மரைத் தாண்டிச் செல்வது. ஃபியூஸை உருவி, டிம்மரின் உள்வரும் பாசிட்டிவையும் வெளியேறும் பாசிட்டிவையும் துண்டுக் கம்பியால் இணைத்து, மீண்டும் ஃபியூஸைச் செருகிப் பார்க்க வேண்டும். (நெகட்டிவைத் துண்டிக்கும் டிம்மராயின் இரு நெகட்டிவ் முனைகளை இணைக்க வேண்டும்.) அப்போதும் அதே குறை நீடித்தால் டிம்மருக்கு அதில் பங்கில்லை.

விளக்கு எரியவே இல்லை

ஃபியூஸ், டிம்மருக்குள் வரும் வோல்டேஜ், வெளியேறும் வோல்டேஜ் என்ற வரிசையில் அளந்தால் இது விரைவில் பிடிபடும். இழை பல்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பாகுபாடு கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. பழைய சாக்கெட்டில் கம்பிகள் மாறிக் கிடந்தது இத்தனை ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்து, எல்.இ.டி. மாற்றிய அன்று வெளிப்படுவது உண்டு. விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்துபோனால் வேறு காரணத்தை நினைக்க வேண்டும்: எல்.இ.டி. பல்புகளுக்குள் இருக்கும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரம் வந்தவுடன் ஒரே இழுப்பாக மின்னேற்றம் கொள்வதால், அதைக் குறுக்குச்சுற்று என்று எண்ணி டிம்மர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பாதிப் பல்புகளைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

திருகினாலும் வெளிச்சம் குறையவில்லை, சில வேளை அணையவும் இல்லை

இந்த அறிகுறியில்தான் மிகுதியானவர்கள் டிம்மரைத் திருப்பி அனுப்புகிறார்கள், பெரும்பாலும் அவசியமில்லாமல். இக்கால டிம்மர்கள் வோல்டேஜைக் குறைப்பதில்லை. மின்சாரத்தை நொடிக்குச் சில நூறு முதல் பல ஆயிரம் முறை துண்டித்து இணைத்து, எரியும் நேரத்தின் விகிதத்தை மாற்றுவதன் மூலம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கின்றன, இதையே பி.டபிள்யூ.எம். என்கிறார்கள். எல்.இ.டி. பட்டைகளுக்கென்று மலிவாக விற்கப்படும் கட்டுப்படுத்திகளில் பல, பாசிட்டிவை நேரடியாக விட்டுவிட்டு நெகட்டிவ் கம்பியைத்தான் துண்டிக்கின்றன. இரண்டு கம்பிகளோடு தனித்து ஓடும் ஒரு பட்டைக்கு அது போதும். ஆர்.வி. வண்டியில் நிலைமை வேறு. கூரை விளக்குகளின் நெகட்டிவ் கம்பிகள் வழியிலேயே ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும், அல்லது உலோகச் சட்டத்தில் திருகி விடப்பட்டிருக்கும். டிம்மர் ஒரு நெகட்டிவ் வழியை அடைத்தாலும் மின்னோட்டம் மற்றொரு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிவிடுவதால், விளக்கு எப்போதும் முழு வெளிச்சத்தில் எரிகிறது.

உறுதி செய்வது எளிது. டிம்மரிலிருந்து விளக்குக்குச் செல்லும் நெகட்டிவ் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால், விளக்கு அப்போதும் எரியுமானால் நெகட்டிவுக்கு வேறு பாதை இருக்கிறது என்று பொருள். தீர்வு இரண்டே. பாசிட்டிவ் கம்பியைத் துண்டிக்கும் டிம்மரை வாங்கிப் பொருத்தலாம்; ஆர்.வி.க்கும் படகுக்கும் என்று விற்கப்படுபவற்றில் இவ்வகை எளிதில் கிடைக்கும், ஆனால் வாங்குமுன் இணைப்பு வரைபடத்தில் துண்டிக்கப்படுவது எந்தக் கம்பி என்று பார்த்துவிட வேண்டும். அல்லது விளக்குகளிலிருந்து டிம்மர் வரை தனி நெகட்டிவ் கம்பி இழுக்கலாம். கூரைப்பலகையைப் பிரிக்காமல் இரண்டாவதைச் செய்ய முடியாது என்பதால் முதலாவதையே நான் பரிந்துரைப்பேன்.

கம்பிகள் சரியாக இருந்தும் வெளிச்சம் குறையவில்லையெனில் பல்பின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். “10–30 வோல்ட்” என்று இருந்தால், அதற்குள் உள்ள சுற்று வரும் வோல்டேஜ் எதுவாயினும் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. பழைய இழை பல்புக் காலத்தில் பொருத்திய, வோல்டேஜைக் குறைக்கும் திருகு டிம்மரோடு அதை இணைத்தால், டிம்மர் 11 வோல்டுக்கு இறக்கியதை பல்பு ஈடுகட்டிக்கொண்டு அதே வெளிச்சத்தில் எரியும். இன்னும் இறக்கினால் ஒரேயடியாக அணைந்துபோகும். இரண்டும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன, சேர்ந்து செய்ய முடியவில்லை என்பதே இங்குள்ள சிக்கல். மூன்றாவது வாய்ப்பு டிம்மர் உண்மையிலேயே பழுதாவது. அதற்குள் துண்டிக்கும் வேலையைச் செய்யும் மாஸ்ஃபெட் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே கருகிப்போகும். இழை பல்பும் மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

வீட்டுச் சுவரில் பொருத்தும் 120 வோல்ட் டிம்மரை இங்கே மாட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள டிரையாக் என்னும் மின்னணு ஸ்விட்ச், மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு அலையிலும் பூச்சியத்தைக் கடக்கும்போதுதான் அணையும். டி.சி. பூச்சியத்தைக் கடப்பதில்லை. ஒருமுறை பற்றிக்கொண்டால் அது விடாது.

விளக்கு நடுங்குகிறது அல்லது சிமிட்டுகிறது

எப்போது நடுங்குகிறது என்பதைக் கவனிப்பதே இங்கு முதல் வேலை.

வெளிச்சத்தை மிகக் குறைத்து வைக்கும்போது மட்டும் நடுங்கினால் காரணம் பல்பின் உள்சுற்று. நிலை மின்னோட்டச் சுற்று கொண்ட பல்புக்கு விழித்தெழச் சிறிது நேரம் வேண்டும். டிம்மர் தரும் துடிப்பு மிகக் குறுகிவிட்டால், விழிப்பதற்குள் மின்சாரம் போய்விடுகிறது. ஒரே வகைப் பல்புகளாயினும் ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக விழிப்பதால், ஒன்று எரிய ஒன்று எரியாமல் வரிசையாகச் சிமிட்டும். குறைந்தபட்ச வெளிச்சத்தை நிர்ணயிக்கும் சிறு திருகு டிம்மரில் இருந்தால் அதைச் சற்று ஏற்றி வைக்கலாம். துடிப்பின் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால் நொடிக்குச் சில நூறு என்ற அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். இரண்டும் இல்லையெனில், பி.டபிள்யூ.எம். டிம்மரோடு இயங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள பல்புகளை வாங்குவதே வழி. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வெறும் ரெசிஸ்டர் (மின்தடை) மட்டும் உள்ள எளிய பல்புகளும் பட்டைகளும் இவ்விஷயத்தில் விலையுயர்ந்தவற்றைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன.

120 வோல்ட் இணைப்பில் இருக்கும்போது மட்டும் நடுங்கி, இணைப்பைக் கழற்றியதும் நின்றுவிட்டால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். மின்மாற்றி வைத்த பழைய கன்வெர்ட்டர்கள் சில, விளக்குப் பக்கத்துக்கு அனுப்பும் டி.சி.யைச் சமன் செய்யாமல் நொடிக்கு 120 மேடு பள்ளங்களோடு அப்படியே அனுப்புகின்றன. இழை பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, எல்.இ.டி. அதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. அதன்மேல் டிம்மரின் துடிப்பும் சேரும்போது இரண்டும் மோதி, வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை உண்டாகும். நிலையான தீர்வு கன்வெர்ட்டரை இக்கால வகைக்கு மாற்றுவதுதான். பேட்டரிக்கும் அது நல்லது, ஏனெனில் அந்தப் பழைய வகைகள் பேட்டரியை ஏற்றும் முறையும் மோசமானது.

வண்டி ஓடும்போதோ, படியில் யாராவது ஏறும்போதோ சிமிட்டினால் அது தளர்ந்த இணைப்பு. டிம்மரைத் தொட வேண்டாம். தொழிற்சாலையில் அவசரமாகக் கடித்து இணைத்த கிளிப்புகளும், திருகி மூடிய பிளாஸ்டிக் தொப்பிகளும் சாலை அதிர்வில் தளர்கின்றன. முனையை நசுக்கி இணைக்கும் சரியான கனெக்டருக்கு அவற்றை மாற்ற வேண்டும்.

நடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கைபேசி கேமராவில் மட்டும் கோடுகளாக ஓடினால் அது கோளாறே அல்ல, பி.டபிள்யூ.எம். டிம்மரின் இயல்பு அது. ஆனால் கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதைப் புறக்கணிக்காமல், வேகமாகத் துடிக்கும் டிம்மருக்கு மாறுவது நியாயம். அப்போது பட்டையோ பல்போ ரெசிஸ்டர் வகையாக இருப்பது நல்லது.

அணைத்த பிறகும் மெலிதாக ஒளிர்கிறது

டிம்மரின் மென்பொத்தானை அழுத்தி அணைக்கும்போது உள்ளிருக்கும் சுற்று விழித்தே இருப்பதால், சில மில்லி ஆம்பியர் கசிகிறது. இழை பல்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல, எல்.இ.டி.க்கு இருட்டில் தெரியுமளவு ஒளிர அது போதும். சிவப்பு விளக்குப் பதித்த ஸ்விட்சும் இதே வேலையைச் செய்யும். விளக்குக்கு இணையாக 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால் கசிவு அதன் வழியே போய்விடும். 14.4 வோல்டில் அது ஏறத்தாழ 0.2 வாட் வெப்பத்தை உமிழும் என்பதால் அரை வாட் தாங்கும் ரெசிஸ்டர் வேண்டும். சூரிய மின்பலகையை மட்டும் நம்பிக் காட்டுக்குள் தங்குபவர்கள் ரெசிஸ்டருக்குப் பதிலாக டிம்மருக்கு முன்னால் ஒரு சாதாரண ஸ்விட்சை வைப்பது மேல். கசிவும் நிற்கும், டிம்மர் இரவெல்லாம் உறிஞ்சும் சிறு மின்சாரமும் மிஞ்சும்.

டிம்மரைத் தொடாமலே வெளிச்சம் ஏறி இறங்குகிறது

12 வோல்ட் என்பது பெயரளவில்தான். முழுதும் ஏற்றிய ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; பாதி தீர்ந்ததும் 12.1 அளவுக்கு இறங்கும். கன்வெர்ட்டர் தீவிரமாக ஏற்றும்போது 14.4 வரை போகும், பிறகு 13.6 அல்லது 13.2 என்று தணியும். மூன்று வெள்ளை எல்.இ.டி.களும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக அமைந்த சாதாரணப் பட்டையில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று எல்.இ.டி.களும் சேர்ந்து ஏறத்தாழ 9.5 வோல்டை எடுத்துக்கொள்கின்றன. 12 வோல்டில் ரெசிஸ்டருக்கு எஞ்சுவது 2.5 வோல்ட், 14.4 வோல்டில் எஞ்சுவது 4.9 வோல்ட். அதாவது உள்ளீடு ஐந்தில் ஒரு பங்கு ஏறும்போது மின்னோட்டம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. மைதானத்தில் செருகியதும் விளக்கு பளிச்சென்று எரிவதும், காட்டில் இரண்டாம் இரவு மந்தமாகத் தெரிவதும், பட்டை சீக்கிரம் கருத்துப்போவதும் இந்த ஒரே காரணத்தால்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தீரும் வரை பெரும்பாலும் 13 வோல்டுக்குச் சற்று மேலேயே நிற்பதால் ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் அது பட்டைக்கு எப்போதும் சற்று மிகையான வோல்டேஜ்.

இதற்குச் சரியான மருந்து, உள்ளீடு 12க்கு மேலே போனாலும் கீழே போனாலும் வெளியீட்டை 12 வோல்டில் நிறுத்தும் ரெகுலேட்டர். இறக்க மட்டும் தெரிந்த ரெகுலேட்டர் போதாது, பேட்டரி 12.1க்கு வந்ததும் அதற்கு வேலை செய்ய இடமிருக்காது. வரிசை முக்கியம்: பேட்டரி, ரெகுலேட்டர், டிம்மர், விளக்கு. டிம்மருக்குப் பின்னால் ரெகுலேட்டரை வைத்தால், டிம்மர் துண்டிப்பதை அது ஒட்டவைக்க முயன்று இரண்டும் கெடும்.

தண்ணீர் பம்பு ஓடும்போதோ ஹீட்டரின் விசிறி கிளம்பும்போதோ மட்டும் வெளிச்சம் சரிந்தால் சோதனை வேறு. மீட்டரை முதலில் பேட்டரியின் முனைகளில் வைத்துப் பம்பை ஓடவிட வேண்டும். அங்கேயே வோல்டேஜ் கணிசமாகச் சரிந்தால் பேட்டரி முதுமையடைந்துவிட்டது, அல்லது அதன் முனைகளில் பூஞ்சணம் போல் உப்புப் பூத்திருக்கிறது. பேட்டரியில் அசையாமல் நின்று விளக்கில் மட்டும் சரிந்தால், பம்பும் விளக்கும் ஒரே கம்பியைப் பகிர்கின்றன, அல்லது நெகட்டிவ் இணைப்பு கெட்டிருக்கிறது. டிம்மரை முழு வெளிச்சத்தில் வைத்து, விளக்கின் நெகட்டிவுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், வண்டிச் சட்டத்தில் நெகட்டிவ் திருகப்பட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி மீண்டும் இறுக்க வேண்டும். டிம்மரை முழுதாகத் திறந்து வைத்து அளப்பது அவசியம். துடிக்கும் மின்சாரத்தில் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். பாதி வெளிச்சத்தில் 6.3 வோல்ட் என்று காட்டுவதைப் பார்த்து மிரண்டு, இல்லாத கோளாறைத் தேட நேரிடும்.

தொலைவில் உள்ள விளக்கு மட்டும் மங்கல்

இது கம்பியின் தடையால் வருவது. 16 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.013 ஓம் தடை உண்டு. ஆறு மீட்டர் தொலைவுக்குப் போக வர 12 மீட்டர். 3 ஆம்பியர் ஓடினால் சுமார் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். நீண்ட எல்.இ.டி. பட்டையிலும் கடைசிப் பகுதி மங்குவது இதனால்தான். பட்டையின் இரு முனைகளுக்கும் கம்பி கொடுத்தால் அது மறையும்.

டிம்மரைக் குறைத்ததும் வானொலி இரைகிறது

துடிப்பின் கூர்மையான விளிம்புகள் நீண்ட கம்பியை ஆண்டெனாவாக்கி எஃப்.எம். வானொலியிலும், கூரை ஆண்டெனாவின் பெருக்கியிலும் புகுகின்றன. தொலைக்காட்சியில் சில அலைவரிசைகள் காணாமலும் போகலாம். முழு வெளிச்சத்தில் வைத்ததும் இரைச்சல் நின்றால் குற்றவாளி டிம்மர், ஏனெனில் அந்நிலையில் அது துண்டிப்பதே இல்லை. முழு வெளிச்சத்திலும் இரைந்தால் பல்புகளின் உள்சுற்று. விளக்கை அணைத்தும் இரைந்தால் கன்வெர்ட்டர். டிம்மரே காரணமெனில், அதை விளக்குகளுக்கு அருகில் நகர்த்தி, போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி, இரு பக்கமும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். டிம்மரின் உள்ளீட்டில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை இணைப்பதும் உதவும்; அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றிவிடக் கூடாது.

தொடுவிளக்கு தன் அளவை மறந்துவிடுகிறது

படுக்கையருகே உள்ள விளக்குக்குள்ளேயே தொடு டிம்மர் இருந்து, அதற்கு முன்னால் சுவரில் இன்னொரு டிம்மரும் இருந்தால் இது நேரும். சுவர் டிம்மர் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் நினைவகம் அழிகிறது. ஒரு விளக்குக்கு ஒரு டிம்மர்தான். சுவரிலுள்ளதை எடுத்துவிட வேண்டும்.

டிம்மர் சுடுகிறது

வோல்டேஜைக் குறைக்கும் பழைய வகை சுடத்தான் செய்யும்: 3 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்டை அது விழுங்கினால் 15 வாட் வெப்பம் அந்தச் சிறு பெட்டிக்குள் உண்டாகிறது. பி.டபிள்யூ.எம். டிம்மர் கைதாங்காத அளவு சுட்டால் சுமை மிகை, அல்லது திருகு முனை தளர்ந்திருக்கிறது. ஆறு 1141 பல்புகள் ஏறத்தாழ 8.6 ஆம்பியர் இழுக்கும். அவற்றின் இடத்தில் 2.5 வாட் எல்.இ.டி.கள் ஆறும் சேர்ந்து 1.2 ஆம்பியர் அளவில் நிற்கும். எனவே பல்புகளை மாற்றியதே பல வண்டிகளில் இந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளக்குச் சுற்றின் 15 ஆம்பியர் ஃபியூஸ் சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. 5 ஆம்பியர் டிம்மரை அது காப்பாற்றாது. டிம்மரின் உள்ளீட்டுக் கம்பியில் தனியாக ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸைச் சேர்த்து, அது எங்கே இருக்கிறது என்பதை ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்ட வேண்டும்.